அடுத்த வீட்டில் ஃப்ளூ: ஊசியா, மாஸ்க்கா, மாத்திரையா?

ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரம் ஆனால் போதும், என் கடைக் கவுன்டரைச் சுற்றி இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். குரோம்பேட்டையில் மெடிக்கல் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்த மாதம் எந்த மாத்திரை போகும் என்பது காலண்டர் பார்க்காமலே தெரியும். பயம் எப்போது விற்கும் என்பதும் தெரியும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வேகவேகமாக வந்தார். எதிர் ஃபிளாட்டில் பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு எச்1என்1 வகை ஃப்ளூ என்று ரிப்போர்ட் வந்துவிட்டதாம். வீட்டில் எழுதிக் கொடுத்த பட்டியல் கையில்: என்95 மாஸ்க் ஒரு பெட்டி, ஃப்ளூ மாத்திரையான டாமிஃப்ளூ நாலு பேருக்கு, கபசுரக் குடிநீர்ப் பொடி, ஃப்ளூ ஊசி நாலு.

"இதுல எது சார் முதல்ல வேணும்?" என்று கேட்டேன்.

"எது வேலை செய்யுமோ அதக் குடுங்க."

அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை வேலை செய்யும்தான். ஆனால் ஒரே நாளில் செய்யாது, ஒரே ஆளுக்கும் செய்யாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது. நாள் தப்பினால் காசுதான் போகும். அவர் மாதிரி வருஷத்துக்கு ஐம்பது பேராவது கேட்பதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மருந்து எழுதுவது என் வேலை அல்ல. வாங்குவதற்கு முன் யோசிக்க வைப்பது என் வேலை என்று நினைக்கிறேன், வியாபாரத்துக்கு நல்லதோ இல்லையோ.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கிருமியின் கால அட்டவணை. உடம்புக்குள் போன ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் காய்ச்சல் காட்டும்; பெரும்பாலும் இரண்டு நாள். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அந்த ஆள் பரப்பத் தொடங்கிவிடுவார். அதன் பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார், குழந்தைகள் இன்னும் சில நாள் கூட. அதாவது, எதிர் வீட்டுப் பையன் ரிப்போர்ட் வாங்குவதற்குள் உங்களோடு லிஃப்டில் நாலு தடவை வந்திருப்பான். ரிப்போர்ட் வந்த அன்று பயப்படுவது கொஞ்சம் தாமதமான பயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் நாலு கேள்வி கேட்கலாம். பலன் எந்த நாளில் தொடங்கும்? வீட்டில் யாருக்கு அதிகம் உதவும்? பில்லில் வராத செலவு என்ன? வந்திருப்பது ஃப்ளூவே இல்லை, டெங்கு என்றால் என்ன ஆகும்? நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் கொசுவும் ஃப்ளூவும் ஒரே மழையில் வருகின்றன என்பதால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

| வழி | பலன் தொடங்கும் நாள் | யாருக்கு அதிகப் பலன் | கைச்செலவு | பில்லில் வராதது |
|---|---|---|---|---|
| ஃப்ளூ ஊசி | போட்டு இரண்டு வாரம் கழித்து | முதியவர், கர்ப்பிணி, சிறு குழந்தை, சுகர், ஆஸ்துமா உள்ளவர் | சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய் | வருஷா வருஷம் போட வேண்டும். குளிர்ச்சி கெட்டால் வீண் |
| மாஸ்க், தனி அறை | உடனே | நோயாளி போட்டால் மற்ற எல்லோருக்கும் | மிகக் குறைவு | இடம், பொறுமை |
| டாமிஃப்ளூ வகை மாத்திரை | காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் | ஆபத்து அதிகம் உள்ளவர், நோய் கடுமையானவர் | சில நூறு ரூபாய் | குமட்டல், வாந்தி. டாக்டர் சீட்டு கட்டாயம் |
| டெஸ்ட் | ரிப்போர்ட் வரும் நாளில் | ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் | பல சமயம் ஆயிரங்களில் | காத்திருப்பில் போகும் நேரம் |
| ஓய்வு, கவனிப்பு | முதல் நாளிலிருந்து | மற்றபடி ஆரோக்கியமானவர் | காய்ச்சல் மாத்திரை விலை | சம்பளம் போகும் லீவு |

ஊசி: மழைக்கு முன்னால் எடுக்கும் குடை

ஐந்து வழியில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எதிர் வீட்டில் காய்ச்சல் வந்த அன்று அல்ல. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் இந்த அலை உங்கள் மாடியைக் கடந்து போயிருக்கும்.

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம் அடைகிறது. டெல்லியிலும் நாட்டின் பல பகுதிகளிலும் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னைக்கும் வேலூருக்கும் மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான்; ஃப்ளூவும் அக்டோபர், நவம்பரில்தான் ஏறுகிறது. ஆகவே டெல்லியில் இருக்கும் தங்கை மே மாதம் போட்டுக்கொண்டாள் என்பதற்காக நீங்களும் மேயில் ஓட வேண்டாம். ஊசியின் வலு மாதங்கள் போகப் போகக் குறையும். புரட்டாசி சரியான நேரம். தவறினால் மழை நடுவில் போடுவதும் வீண் இல்லை, அலை ஒரே வாரத்தில் ஓய்வதில்லை.

எவ்வளவு காப்பாற்றும்? ஊசியில் உள்ள கிருமி வகையும் அந்த வருஷம் சுற்றும் வகையும் நன்றாகப் பொருந்திய வருஷங்களில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. கேட்டவுடன் முகம் சுருங்குகிறது எல்லோருக்கும். "நூறு இல்லையா?" இல்லை. ஆனால் போட்டும் காய்ச்சல் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரை போவதில்லை. எழுபது வயது அம்மாவுக்கு வேண்டியது அந்தப் பலன்தான்.

வேறு சில நடைமுறை விஷயங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஊசியில் உள்ள வகைகளை உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை பரிந்துரைக்கிறது, வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள். இருப்பதில் புதியதைக் கேளுங்கள். ஒன்பது வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு முதல் தடவை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், ஆக பில் இரண்டு மடங்கு. ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் போடவே முடியாது. கர்ப்பத்தில் தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் கொஞ்சம் போகிறது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, ஆகவே நாலு பேர் குடும்பத்துக்கு நாலு ஊசி என்பது பலருக்கு ஒரு மாச மளிகைக் காசு.

அப்புறம் குளிர்ச்சி. ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கி, பைக் டேங்க் கவரில் வைத்து, வழியில் மார்க்கெட்டுக்கும் போய்விட்டு டாக்டரிடம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் கொடுமை, நல்லெண்ணத்தோடு வீட்டு ஃப்ரீசரில் வைப்பது. உறைந்தால் அந்த மருந்து செத்தது. டாக்டரிடமே இருப்பு இருந்தால் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று என் வாடிக்கையாளர்களுக்கே சொல்கிறேன்.

ஊசி போட்டதாலேயே ஃப்ளூ வந்தது என்பவர்களுக்கு: ஊசியில் இருப்பது செத்த கிருமி, அது நோய் தராது. கை வலியும் ஒரு நாள் அலுப்பும் தரும். ஊசி போட்ட அடுத்த வாரம் சளி பிடித்தால் அது வேறு கிருமி. நூற்றுக்கணக்கான சளிக் கிருமிகளுக்கு இந்த ஊசி பொறுப்பு இல்லை.

மாஸ்க்கும் ஜன்னலும்

2009 ஆகஸ்ட் 3 அன்று புனேயில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி இறந்தார். நாட்டில் எச்1என்1 வாங்கிய முதல் உயிர். அந்த வாரமே எங்கள் பக்கத்தில் மாஸ்க் தீர்ந்துபோனது. கைக்குட்டையை மூன்றாக மடித்துக் கட்டிக்கொண்டு வந்து "இது போதுமா?" என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்தது. கிருமி எங்கும் போகவில்லை. அன்றைக்கு "பன்றிக் காய்ச்சல்" என்று நடுங்கிய அதே வகைதான் இப்போது வருஷா வருஷம் வரும் சாதாரணப் பருவ ஃப்ளூக்களில் ஒன்று. ரிப்போர்ட்டில் எச்1என்1 என்ற எழுத்தைப் பார்த்து ஃபிளாட்டே கதவை மூடிக்கொள்வது பழைய பயத்தின் மிச்சம். முதியவர்களைப் பொதுவாக அதிகம் படுத்துவது எச்3என்2 என்ற இன்னொரு வகை ஃப்ளூ. 2023 மார்ச்சில் அது பரவியபோதுதான் தமிழ்நாட்டில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடந்தது, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கு லீவு விட்டார்கள்.

மாஸ்க் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஆரோக்கியமானவர் போட்டுக்கொண்டு நோயாளி சும்மா இருப்பது. இருமுபவர் போட வேண்டும். அவருக்குச் சாதாரண மூன்றடுக்கு மாஸ்க் போதும். பார்த்துக்கொள்பவர் முதியவராகவோ சுகர் உள்ளவராகவோ இருந்தால் அவருக்கு என்95. முகத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், தாடி இருந்தால் பாதிப் பலன் போகும்.

"தனி அறை" என்று எழுதுவது சுலபம். ஒரு ஹால், ஒரு கிச்சன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? ஜன்னல் பக்கத்தில் நோயாளிக்குப் பாய் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பாட்டியை அந்தக் கோடியில் படுக்க வையுங்கள், ஒரே ஃபேனுக்குக் கீழே எல்லோரும் வேண்டாம். எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் கிருமி ஒன்றிரண்டு நாள் தாங்கும், துணியில் அதைவிடக் குறைவு. ஆகவே போர்வையை வெந்நீரில் போட்டு வதைப்பதைவிட கதவுக் கைப்பிடி, ரிமோட், செல்போனைத் துடைப்பது உருப்படியான வேலை. கை கழுவ எந்தச் சோப்பும் போதும்.

இந்த வழியின் பெரிய சாதகம், வந்திருப்பது ஃப்ளூவா கோவிடா வெறும் சளியா என்று தெரியாமலே வேலை செய்வது. டெங்குவுக்கு மட்டும் உதவாது, அதற்குக் கொசுவலை.

மாஸ்க் மிக அவசியமான இடம் வீடுகூட இல்லை, கிளினிக் வரவேற்பறை. சும்மா பயத்தில் செக்கப் போன பாட்டி, இருமுகிற பத்துப் பேர் நடுவில் ஒரு மணி நேரம் டோக்கனுக்குக் காத்திருந்து வாங்கிக்கொண்டு வருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

டாமிஃப்ளூ: வாங்கி வைக்கலாமா?

மருந்தின் பெயர் ஒசெல்டாமிவிர். கிருமி ஒரு செல்லுக்குள் பெருகி, அதிலிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்குப் போகாமல் கதவை அடைப்பதுதான் இதன் வேலை. கிருமி ஊரெல்லாம் பரவிய பிறகு கதவை அடைத்து என்ன பயன்? அதனால்தான் 48 மணி நேரக் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குக் கடுமை என்றால் அதற்குப் பிறகும் கொடுப்பார்கள்.

மற்றபடி ஆரோக்கியமான பெரியவருக்கு இது நோயைச் சுமார் ஒரு நாள் குறைக்கிறது, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக்கூட. ஏழு நாள் படுக்கை ஆறு சொச்சம் ஆகிறது. அதற்கு விலையாகச் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும். எனக்கு வந்தால் நான் எடுக்க மாட்டேன். சுகர் உள்ள என் அப்பாவுக்கு வந்தால், டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திராமல் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுத் தொடங்குவேன். ஒரே மருந்து, ஒரே வீடு, இரண்டு பதில்.

"வராமல் இருக்க எடுக்கலாமாமே?" உண்மைதான். வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ இருக்கும்போது மற்றவர் தினம் 75 மில்லிகிராம் ஒரு வேளை எடுத்தால் 70 முதல் 90 சதவீதம் வரை தடுத்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஊசியைவிட நல்ல எண்ணாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் மாத்திரை நிறுத்திய நாளோடு காவலும் நின்றுவிடும். எதிர் ஃபிளாட் பையனுக்காக இன்று தொடங்கி முடித்தால், அடுத்த வாரம் ஆபீஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் தும்முவார். வீட்டுக்குள்ளேயே நோயாளி, கூடவே புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவரோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டர் இதை யோசிப்பார். எதிர் வீட்டுக்காக என்றால் தேவையில்லை.

2009 சமயத்தில் இந்த மாத்திரை எங்கள் மாதிரிக் கடைகளில் கிடைக்காது. பிறகு 2017-இல் சட்டத்தைத் தளர்த்தி எச்1 அட்டவணையில் சேர்த்தார்கள் (இந்த எச்1 கிருமியின் பெயர் அல்ல, மருந்துச் சட்டத்தில் ஒரு பட்டியலின் பெயர்). இன்றும் சீட்டு இல்லாமல் தர முடியாது. யார் எழுதினார், யாருக்கு என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கண்டபடி எடுத்தால் என்ன ஆகும் என்பதல்ல, கிருமி தானாகவே இந்த மருந்துக்கு மசியாமல் போக முடியும் என்பதற்கே உதாரணம் இருக்கிறது: 2009-க்கு முந்தைய பழைய எச்1என்1 வகை, 2008-09 பருவத்தில் அமெரிக்காவில் கிட்டத்தட்ட முழுவதுமாக இந்த மருந்தை மீறியிருந்தது.

ஒரு சின்னச் சுவாரசியம். இந்த மருந்துக்கான மூலப்பொருளை நாம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுத்தார்கள். அதற்காக அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் டாமிஃப்ளூ ஆகிவிடாது. ஆலையில் பல படிகள் தாண்டித்தான் அது மருந்தாகிறது. ஒரு வாட்ஸப் செய்தியைப் பார்த்துவிட்டு ஒருவர் கால் கிலோ வாங்கியதாகச் சொன்னார். பிரியாணி நன்றாக வந்திருக்கும்.

டெஸ்ட்

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ பிரிவு: டெஸ்டும் வேண்டாம், டாமிஃப்ளூவும் வேண்டாம், வீட்டில் இருந்து 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கடும் காய்ச்சல், அல்லது ஆபத்து அதிகம் உள்ளவர் என்றால் பி: டெஸ்ட் வேண்டாம், மருந்து டாக்டர் முடிவு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், ரத்தம் கலந்த சளி, நகம் நீலமாவது என்றால் சி: உடனே ஆஸ்பத்திரி, டெஸ்ட், மருந்து எல்லாம்.

ஃப்ளூ டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்து, 48 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு "பாசிட்டிவ்" என்று தெரிந்துகொள்வதில் வீட்டில் இருப்பவருக்கு என்ன லாபம்? அதே பணத்தில் கால்வாசி போதும், ரத்தத்தில் டெங்குவும் பிளேட்லெட்டும் பார்க்க. இருமல், மூக்கொழுகல் எதுவும் இல்லாமல் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் நான் அந்தப் பக்கம்தான் கை காட்டுவேன்.

கஷாயமும் ஆன்டிபயாடிக்கும்

கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றால் சரி. ஊசிக்கோ மாஸ்க்குக்கோ மாற்றாக அதை எண்ண வேண்டாம், சுகர், பிரஷர் மாத்திரையை அதற்காக நிறுத்தவே வேண்டாம்.

அசித்ரோமைசின் ஒரு கோர்ஸ் கேட்பவர்களுக்கு என் பதில் இல்லை என்பதுதான். ஃப்ளூ வைரஸ், அந்த மருந்து பாக்டீரியாவுக்கு. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே சொன்னது: காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கலாம், ஆன்டிபயாடிக் வேண்டாம்.

வீட்டில் படுத்திருப்பது

பெரும்பாலானோருக்கு இதுதான் விடை, ஆனால் இதை யாரும் விற்க முடியாது. பாராசிட்டமால், கஞ்சி, தண்ணீர், தூக்கம். நான் கவுன்டரில் சொல்பவை இரண்டு. டோலோ 650 போடுபவர் கூடவே "சளி மாத்திரை"யும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு மடங்காகிறது. பெரும்பாலான சளி மாத்திரைகளுக்குள் அதுவும் இருக்கிறது, அட்டையின் பின்பக்கம் படியுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை புரூஃபன், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக் கசிவு ஆபத்து. குழந்தைக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

இதன் நிஜச் செலவு லீவு. தினக்கூலிக்காரரிடம் "அஞ்சு நாள் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்ல எனக்கே வாய் வராது. காய்ச்சல் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது ஆகும்வரை போகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்கும் சிலர் தலையாட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். படுத்திருப்பவரிடம் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறி, இருமலும் கூடினால் அது நுரையீரலில் இன்னொரு தொற்று வந்ததாக இருக்கலாம். அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது.

எந்த வீட்டுக்கு எது

முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமா, சுகர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீடு: ஊசிக்கு இருக்கும் பணத்தை அவருக்கும், அவரை நெருங்கிப் பார்த்துக்கொள்பவருக்கும் முதலில் செலவிடுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே டாக்டர்.

பள்ளிக்குப் போகும் குழந்தைகள், ஆரோக்கியமான பெற்றோர்: முடிந்தால் குழந்தைக்கு ஊசி, இல்லையென்றால் காய்ச்சல் அன்று பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது. தேர்வு என்றாலும்.

மேன்ஷனில் தங்கும் தனி ஆள்: ஊசியைவிட அவருக்கு வேண்டியது, இரண்டு வேளை கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைக்க ஒரு நண்பர்.

அன்று வந்தவர் வீட்டில் எழுபத்திரண்டு வயது அம்மா, சுகர் உண்டு. கணவன், மனைவி, கல்லூரிப் பெண் மூவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பட்டியலிலிருந்து அவர் வாங்கிப் போனது மூன்றடுக்கு மாஸ்க் ஒரு கட்டு, என்95 இரண்டு. பட்டியலில் இல்லாத தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினார். அம்மாவுக்கு ஊசியை மறுநாள் அவர்கள் டாக்டரே போட்டார். பத்து நாள் கழித்து வந்தார், தனக்குத்தான் காய்ச்சல் என்று, மாஸ்க் போட்டுக்கொண்டு, கவுன்டரிலிருந்து நாலடி தள்ளி நின்றபடி. ஆபீஸில் வாங்கியது. அம்மா மாமா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்.